நிழலுக்கும் நிறமுண்டு: திருவனந்தபுரத்து வெயிலும் நீர்வண்ண ஓவியமும்

முன்னுரை

தமிழர் பிற மாநிலங்களில் குடியேறிய வரலாற்றை எழுதுகிறவர்கள் வணிகத்தைப் பற்றி எழுதுவார்கள், கோயில் திருப்பணியைப் பற்றி எழுதுவார்கள், சங்கீதத்தைப் பற்றியும் எழுதுவார்கள். திருவனந்தபுரத்தைப் பொறுத்தவரை சாலைக் கடைத்தெருவும் கோட்டைக்ககமும் கரமனையும் அந்த வரலாற்றில் தவறாமல் இடம்பெறும். ஆனால் தூரிகையோடு வந்தவர்களைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. 'படம் வரையிறவங்கதானே' என்று விட்டுவிட்டோம். இந்தக் குறையைச் சிறிதளவேனும் நிறைவு செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் எடுத்துக்கொண்ட பொருள் குறுகியது. இந்த ஊரின் வெயிலையும் அதன் நிறங்களையும் நீரில் கரைத்த வண்ணத்தால் தாளில் பிடிக்க முயன்ற வரலாறு. மதுரையிலிருந்து வந்த ஒருவரில் தொடங்கி, கோயம்புத்தூரில் பிறந்து சென்னையில் வாழ்ந்த ஒருவரிடம் வந்து முடிகிறது. இடையில் பாரிசுக்கும் ஒருமுறை போய்வர வேண்டியிருக்கிறது.

தலைக்குமேல் சூரியன்

முதலில் வெயிலைப் பார்ப்போம். திருவனந்தபுரம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் இருக்கிறது. ஆகவே ஆண்டுக்கு இருமுறை சூரியன் இவ்வூரின் உச்சந்தலைக்கு நேராக வருகிறது. ஒன்று ஏப்ரல் 11, 12 வாக்கில். அதாவது சித்திரைப் பிறப்புக்கும் விஷுவுக்கும் இரண்டு மூன்று நாள் முன்னால். மற்றொன்று ஆகஸ்ட் மாதக் கடைசியில். அன்று நண்பகலில் கொடிமரத்தின் நிழல் கொடிமரத்தின் காலடியிலேயே சுருண்டுவிடும். சம இரவு நாளான மார்ச் 20, 21 தேதிகளிலும் செப்டம்பர் 22, 23 தேதிகளிலும் ஸ்ரீபத்மநாபசுவாமி கோயிலின் கிழக்குக் கோபுரத்துக்கு முன்னால் கூட்டம் கூடுவதை நம்மில் பலரும் கண்டிருக்கிறோம். மறைகின்ற சூரியன் கோபுர வாசல்களில் ஒவ்வொன்றாக இறங்கி வரும். கோபுரத்தைக் கட்டியவர்கள் வெயிலின் பாதையைக் கணக்கிட்டிருந்தார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஆனால் பாதையைக் கணக்கிடுவது வேறு, நிறத்தைக் காண்பது வேறு. தென்னை ஓலை என்ன நிறம் என்று கேட்டால் குழந்தை கூடப் பச்சை என்று சொல்லிவிடும். பதினொரு மணி வெயிலில் வேளிக் காயலோரம் நின்று பார்த்தால் தெரியும். ஓலையின் முதுகு வானத்தை வாங்கி வெள்ளிபோல மின்னும். அதே ஓலையைக் கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தால், வெயில் ஊடுருவி மஞ்சள் கலந்த இளம்பச்சையாகத் தோன்றும். செம்மண் தரையில் விழும் நிழல் கறுப்பு அல்ல. அதில் ஊதாவும் நீலமும் இருக்கும். பக்கத்தில் வெள்ளையடித்த சுவர் இருந்தால் அந்தச் சுவரின் நிழற்பகுதியில் தரையின் சிவப்பு ஏறியிருக்கும்.

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் வறண்ட காற்றும் கூர்மையான வெயிலும். மலை எட்டித் தொடுகிற தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும். அங்கிருந்து மேற்கே வரவரக் காற்றில் ஈரம் கூடி, தூரத்து மலை நீலமாகிப் பின் சாம்பலாகி, மழைக்காலத்தில் காணாமலே போய்விடும். எண்பது கிலோமீட்டர் சுற்றளவில் இரண்டு வெயில்கள். 1956 நவம்பர் 1 வரை இவை இரண்டும் ஒரே ஆட்சிக்கு உட்பட்ட வெயில்களாக இருந்தன என்பதும் நினைக்கத்தக்கது.

ஐந்து நிறமும் புள்ளி வர்த்தனையும்

நம் முன்னோர் இந்த வெயிலை வரைந்தார்களா? பத்மநாபபுரம் அரண்மனையிலும் கோயில்களிலும் உள்ள சுவரோவியங்களைப் பார்த்தால், இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். கேரளச் சுவரோவியம் ஐந்து நிறங்களில் அடங்குவது. காவி மண்ணிலிருந்து மஞ்சளும் சிவப்பும், சுண்ணாம்பிலிருந்து வெள்ளை, விளக்குக் கரியிலிருந்து கறுப்பு, நீலஅமரிச் சாற்றோடு எரவிக்கரா என்ற மஞ்சள் பொருளைச் சேர்த்துப் பச்சை. இந்த ஓவியங்களில் தெய்வத்தின் மேனிதான் ஒளி. வெளியிலிருந்து, இன்ன திசையிலிருந்து வருகிற வெயில் கிடையாது. எனவே தரையில் விழும் நிழலும் கிடையாது. குறைபாடு என்று இதைக் கருதவேண்டாம். எங்கும் நிறைந்த பொருளுக்கு நிழல் எதற்கு என்பது அவர்கள் கொள்கை.

ஆயினும் ஒரு செய்தி வியப்புக்குரியது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் சித்திரசூத்திரம், உருவத்துக்குத் திரட்சி கொடுக்கும் முறைகளை மூன்றாகச் சொல்கிறது. அவற்றுள் ஒன்று பிந்துஜம், அதாவது புள்ளிகளால் ஆக்கும் வர்த்தனை. கேரளச் சுவரோவியர்கள் கன்னத்திலும் தோளிலும் நுண்ணிய புள்ளிகளை நெருக்கியும் விலக்கியும் இட்டுத்தான் மேடு பள்ளம் காட்டினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர்களைப் புள்ளி ஓவியர்கள் என்று படிக்கும்போது நமக்கு இது நினைவுக்கு வருவது இயல்பு.

உடனே 'எல்லாம் நம்மகிட்ட இருந்துதான் போச்சு' என்று கிளம்பிவிடக் கூடாது. பிந்துஜம் ஒரே நிறத்தின் அடர்த்தியைக் கூட்டிக் குறைக்கும் முறை. பிரெஞ்சுக்காரர் செய்தது வேறு வேறு நிறங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணுக்குள் கலக்கவிடுவது. புள்ளி பொதுவாக இருக்கலாம், நோக்கம் பொதுவானதல்ல.

மதுரையிலிருந்து வந்த தூரிகை

சுவாதித் திருநாள் மகாராஜா (ஆட்சி 1829–1846) காலத்தில் மதுரையைச் சேர்ந்த அழகிரி நாயுடு அரண்மனை ஓவியராக இருந்தார். கிளிமானூர் ராஜராஜவர்மா அவரிடம் கற்றார். இந்த ராஜராஜவர்மாதான் ராஜா ரவிவர்மாவின் மாமா. மருமகனுக்கு முதலில் பென்சில் பிடித்துக் கொடுத்தவர். ஆக, ரவிவர்மாவின் கலைக்கு மதுரைத் தொடர்பு அவர் பிறக்கும் முன்பே ஏற்பட்டுவிட்டது எனலாம்.

1848ல் பிறந்த ரவிவர்மா, பதினான்காம் வயதில் ஆயில்யம் திருநாள் மகாராஜாவின் ஆதரவில் திருவனந்தபுரம் வந்தார். அப்போது அரண்மனை ஓவியராக இருந்தவர் ராமசுவாமி நாயக்கர். இவரை நாயுடு என்றும் சிலர் எழுதுவர். ரவிவர்மாவின் நீர்வண்ணப் பயிற்சியோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் இவருடையது. எண்ணெய் வண்ணத்தின் இரகசியத்தை மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை, போட்டிக்கு ஆள் வந்துவிடும் என்று அஞ்சினார் என்பார்கள். அவருடைய மாணாக்கர் ஆறுமுகம் பிள்ளை இரவு நேரத்தில் மறைவாக வந்து இளைஞருக்கு உதவினார் என்ற செய்தியும் ரவிவர்மாவின் வரலாறுகளில் வருகிறது. 1868ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தபோது அவரும் பாடம் சொல்லிக்கொடுக்கவில்லை. நின்று பார்க்க மட்டும் அனுமதித்தார்.

இந்தக் கதையை எல்லாரும் ரவிவர்மாவின் பெருமைக்காகச் சொல்கிறார்கள். அது நியாயமே. ஆனால் நாயக்கருக்கு அதில் கிடைத்திருப்பது வில்லன் வேஷம். அவர் கைத்தொழிலால் வாழ்ந்தவர். இரகசியம்தான் அவருக்குச் சொத்து. ராஜகுடும்பத்து உறவினனான ஒரு பிள்ளைக்கு அதை எடுத்துக் கொடுத்துவிட்டால் அப்புறம் சாப்பாட்டுக்கு என்ன செய்வது? ஆறுமுகம் பிள்ளையோ ஒரே ஒரு வரியில் வந்து, ஒரே ஒரு இரவில் மறைந்துவிடுகிறார். அந்த ஒரு வரியும் ரவிவர்மாவின் வாழ்க்கையை யாரோ எழுதி வைத்ததால் நமக்குக் கிடைத்தது. ஆறுமுகம் பிள்ளையின் வாழ்க்கையை எழுதி வைக்க நம்மவர் யாரும் முன்வரவில்லை.

விட்டு வைத்தால்தான் வெயில்

இவ்விடத்தில் நீர்வண்ணத்தின் தொழில்முறையைச் சிறிது விளக்குவது பயன்தரும். எண்ணெய் வண்ணத்தில் வெளிச்சம் வேண்டுமானால் வெள்ளை வண்ணத்தை மேலே அப்பலாம். நீர்வண்ணத்தில் அது முறையன்று. நீரில் கரைந்த மெல்லிய நிறம் தாளின் மேல் கண்ணாடிபோலப் படியும். வெளிச்சம் அதற்குள் புகுந்து, அடியிலுள்ள வெள்ளைத் தாளில் பட்டு, மறுபடி நிறத்தைக் கடந்து நம் கண்ணுக்கு வரும். ஆகவே தாளின் வெள்ளைதான் சூரியன். வெயில் விழும் இடத்தில் ஓவியர் தூரிகையை வைக்கவே கூடாது. சுருங்கச் சொன்னால், நீர்வண்ணத்தில் வெயிலை வரைய முடியாது; விட்டு வைக்கத்தான் முடியும்.

வெளிறிய நிறம் முதலில், அடர்ந்த நிறம் பிறகு என்பது வரிசை. தப்பிப்போனால் திருத்த வழி குறைவு. இங்கேதான் நம்மூர்த் தட்பவெப்பம் குறுக்கே வருகிறது. இடவப்பாதி மழையில் ஒரு பூச்சு காய அரைமணி ஆனாலும் ஆகும். பொறுமையில்லாமல் அடுத்ததை வைத்தால் இரண்டும் ஒன்றாகி ஓடிவிடும். மாசி பங்குனி வெயிலில் தூரிகையை எடுக்கும் முன்பே ஓரம் காய்ந்து கோடு விழும். இங்கிலாந்தின் பாடப்புத்தகங்களில் சொன்ன கணக்கு இரண்டுக்கும் பொருந்தாது.

ஆங்கிலேயர் இந்த முறையோடு நம் நாட்டுக்கு வந்தார்கள். தாமஸ் டேனியலும் வில்லியம் டேனியலும் 1792ல் தென்னாட்டுப் பயணத்தில் பாபநாசம் அருவியையும் குற்றாலத்தையும் பார்த்து வரைந்தனர். 1874ல் எட்வர்டு லியர் தஞ்சை, திருச்சி, மலபார் என்று சுற்றிப் பென்சில் கோட்டின் மேல் நீர்வண்ணம் இட்டுக்கொண்டே போனார். அழகான ஓவியங்கள்தான். ஆனால் வழிப்போக்கரின் கண் அது. நாலு நாள் தங்கி ஐந்தாம் நாள் வண்டி ஏறுகிறவருக்கு, அதே மரத்தடி நிழல் சித்திரையில் எப்படி, ஆடியில் எப்படி என்று பார்க்க வாய்ப்பில்லை.

தம்பியின் நிலக்காட்சி

நிலக்காட்சியை இந்த மண்ணிலிருந்தே தொழிலாக எடுத்துக்கொண்டவர் ரவிவர்மாவின் தம்பி சி. ராஜராஜவர்மா (1860–1905). அண்ணன் புராண மாந்தரை வரைய, தம்பி பல ஓவியங்களில் பின்புலத்து மரத்தையும் மலையையும் நீரையும் வரைந்தார். தனியாகவும் நிலக்காட்சிகள் தீட்டினார். அண்ணனோடு நாடெங்கும் பயணம் செய்த அவர் ஆங்கிலத்தில் எழுதிய நாட்குறிப்பு நமக்குக் கிடைத்திருக்கிறது. ரவிவர்மாவின் பிற்கால வாழ்க்கையை அறிய இதுவே முதன்மையான ஆவணம். அந்தத் தம்பி நாட்குறிப்பு எழுதியிருக்காவிட்டால் அவரும் ஆறுமுகம் பிள்ளை மாதிரி ஒரு வரியாகச் சுருங்கியிருப்பார்.

அண்ணன் தம்பி இருவரும் கற்றது ஐரோப்பிய அகாடமி முறை. பழுப்பு நிழல், பொன்னிற வெளிச்சம், மெதுவான மாற்றம். 1893ல் ரவிவர்மாவின் பத்து ஓவியங்கள் சிக்காகோ உலகக் கண்காட்சிக்குப் போயின. ஆனால் அதற்கு ஏழு வருஷம் முன்னாலேயே பாரிசில் அந்தப் பழுப்பு நிழலைத் தூக்கி எறிந்துவிட்டிருந்தார்கள். அந்தச் செய்தி திருவிதாங்கூருக்கு வந்து சேர இன்னும் ஒரு தலைமுறை ஆயிற்று. அச்சுப் படங்களின் வழியே ஓவியம் கற்ற காலம் அது. கோடும் உருவமும் அச்சில் வந்துவிடும். வெயில் வராது.

பாரிசில் நடந்த ஆராய்ச்சி

அங்கே நடந்தது என்ன? கதை ஒரு சாயப்பட்டறையில் தொடங்குகிறது. கோபலான் என்ற அரசாங்க நெசவுச்சாலையில் சாயப் பிரிவுக்குத் தலைவராக இருந்த வேதியியல் அறிஞர் செவ்ரோல் என்பவரிடம், கறுப்பு நூலின் சாயம் சரியில்லை என்று புகார் வந்தது. சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குற்றமில்லை. பக்கத்தில் வைத்த நிறங்கள்தான் கறுப்பை மங்கச் செய்தன. ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை மாற்றிக் காட்டும் என்ற விதியை விரித்து 1839ல் நூலாக வெளியிட்டார்.

ஜார்ஜ் சூரா (1859–1891) என்ற இளைஞர் அந்த நூலையும், அமெரிக்க இயற்பியல் அறிஞர் ஆக்டன் ரூட் 1879ல் எழுதிய நூலையும் படித்தார். தட்டில் நிறங்களைக் கலக்கக் கலக்க அவை மங்கிச் சேறாகின்றன. கலக்காமல் தூய நிறங்களைச் சின்னச் சின்னதாகப் பக்கத்தில் வைத்தால் என்ன? தூரத்தில் நிற்பவரின் கண்ணே அவற்றைச் சேர்த்துக்கொள்ளும், ஒளி மங்காது. வெயில் பட்ட இடத்தில் ஆரஞ்சு, அதன் நிழலில் அதற்கு எதிரான நீலம். இந்த முறையில் இரண்டு ஆண்டு உழைத்து அவர் வரைந்த 'கிராண்ட் ஜாத் தீவின் ஞாயிற்றுக்கிழமை' 1886ல் பார்வைக்கு வந்தது. அவ்வாண்டே பெலிக்ஸ் பெனியோன் என்ற விமரிசகர் இந்த இயக்கத்துக்குப் புது இம்ப்ரெஷனிசம் என்று பெயரிட்டார். சூரா முப்பத்தோராம் வயதில் இறந்துபோனார்.

நண்பர் பால் சிஞ்ஞாக் (1863–1935) இயக்கத்தைக் கொண்டுசெலுத்தினார். அவர் படகோட்டி. கடற்கரைகளில் தங்கி எண்ணற்ற நீர்வண்ண ஓவியங்கள் தீட்டினார். 1929 முதல் 1931 வரை பிரான்சின் துறைமுகங்களை ஒவ்வொன்றாகச் சுற்றி வரைந்த தொடர் புகழ்பெற்றது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. நீர்வண்ணத்தில் புள்ளிக்குப் பக்கத்தில் புள்ளி வைத்தால் ஈரத்தில் இரண்டும் ஓடிச் சேர்ந்துவிடும், முறையே கெட்டுப்போகும். ஆகவே சிஞ்ஞாக் தூரிகை வீச்சுகளுக்கிடையே வெள்ளைத் தாளை விட்டுவைத்தார். அந்த வெள்ளைதான் ஒவ்வொரு நிறத்துக்கும் வரப்பு, வெயிலும் அதுவே.

மயில்கழுத்துப் பட்டு

இதெல்லாம் பெரிய விஞ்ஞானம் என்று மலைக்க வேண்டாம். நம் வீட்டுப் பெட்டியைத் திறந்தால் இதற்கு உதாரணம் இருக்கிறது. மயில்கழுத்து நிறப் பட்டை எடுத்துப் பாருங்கள். பாவு ஒரு நிறம், ஊடை இன்னொரு நிறம். நீலமும் பச்சையுமாக இருக்கும். நூலை நூலாகப் பிரித்தால் மயில்கழுத்து என்று ஒரு நிறமே அங்கே கிடையாது. நெய்து விரித்தால் கண் இரண்டையும் சேர்த்து மூன்றாவது நிறத்தைப் படைக்கிறது. திரும்பினால் ஒன்று, நடந்தால் ஒன்று என்று மின்னுகிறது. அதையே நீலமும் பச்சையும் கலந்த ஒரே சாயத்தில் முக்கி எடுத்திருந்தால் அந்த மினுக்கு வராது. செவ்ரோலுக்குச் சாயப்பட்டறையில் கிடைத்த அறிவு நம் நெசவாளருக்குத் தறியிலேயே இருந்தது. ஏட்டில் எழுதாமல் கையில் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான் வேறுபாடு.

கோயம்புத்தூரில் பிறந்த பணிக்கர்

பாரிசில் எழுந்த இந்தப் புதிய பார்வையையும் கேரளத்து வெயிலையும் நீர்வண்ணத்தில் சந்திக்கச் செய்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் கே.சி.எஸ். பணிக்கரைச் சொல்லலாம். மலையாளப் பெற்றோருக்கு 1911ல் கோயம்புத்தூரில் பிறந்தார். குடும்பம் பொன்னானிப் பகுதியைச் சேர்ந்தது. தென்னையும் கால்வாயும் செம்மண்ணும் இளமையிலேயே அவர் கண்ணில் பதிந்தன. பதினேழு வயதிலேயே சென்னைக் கண்காட்சியில் அவருடைய நிலக்காட்சிகள் இடம்பெற்றன. ஆனால் உடனே ஓவியம் படிக்க வசதி வாய்க்கவில்லை. குடும்பச் சுமைக்காகத் தந்தி இலாகாவிலும் பிறகு இன்சூரன்சிலும் வேலை பார்த்தார். 1936ல், இருபத்தைந்தாம் வயதில்தான் சென்னை அரசு ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். 1850ல் தொடங்கப்பட்ட பள்ளி அது. அன்றைய தலைவர் தேவிபிரசாத் ராய் சௌத்ரி; மெரினாவில் உள்ள உழைப்பாளர் சிலையைச் செய்தவர்.

அதே பள்ளியில் ராய் சௌத்ரியிடம் பயின்ற நாமக்கல்லைச் சேர்ந்த இன்னொருவர், பின்னாளில் 'சில்பி' என்ற பெயரில் ஆனந்த விகடனில் தென்னாட்டுக் கோயில்களை வரைந்து தமிழர் வீடுதோறும் அறிமுகமானார். சில்பி கல்லின் மேல் விழும் வெயிலைப் பிடித்தார். பணிக்கர் தண்ணீரின் மேல் விழும் வெயிலைப் பிடித்தார் எனலாம்.

பணிக்கரின் இளமைக்கால நீர்வண்ணங்களில் தென்னந்தோப்பும் ஓடைகளும் வயல்களும் நிறைந்திருக்கும். ஐரோப்பிய இம்ப்ரெஷனிஸ்டுகளின் செல்வாக்கு அவற்றில் உண்டென்பதை விமரிசகர் பலர் எடுத்துச் சொல்லியிருக்கின்றனர். ஒரே பூச்சாகப் பூசி முடிக்காமல் வீச்சு வீச்சாக நிறத்தை வைக்கும் துடிப்பு அவற்றில் தெரியும். அவரைப் புது இம்ப்ரெஷனிஸ்டு என்று முத்திரை குத்துவது சரியாகாது. சூராவைப்போலக் கணக்குப் போட்டு வரைந்தவர் அல்லர் அவர். ஆனால் நிழலைப் பழுப்பாக்காமல் நிறமாகவே பார்க்க வேண்டும் என்ற பாடம் அவருக்குக் கைவந்திருந்தது. அதைப் புத்தகத்தில் படித்தார் என்பதைவிடப் பொன்னானி வெயிலில் கண்டார் என்பதே பொருத்தம்.

1944ல் சென்னையில் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தொடங்கினார். 1954ல் லண்டனிலும் பாரிசிலும் தம் ஓவியங்களைக் காட்சிக்கு வைத்தார். 1957ல் ராய் சௌத்ரிக்குப் பின் ஓவியப் பள்ளியின் முதல்வரானார்; 1967 வரை அப்பொறுப்பில் இருந்தார். 1966ல் சென்னைக்குத் தெற்கே கடற்கரையில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். ஓவியர்கள் பாத்திக் போன்ற கைவினைப் பொருள்களை விற்று, அந்த வருவாயில் சுதந்திரமாக ஓவியம் தீட்டலாம் என்பது திட்டம். தமிழரும் மலையாளிகளும் பிறரும் ஒரே மணலில் குடியிருந்தார்கள். அதற்குள் பணிக்கரே நிலக்காட்சியை விட்டு வெகுதூரம் போய்விட்டார். 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறிகளும்' வரிசையில் எழுத்துகளும் ஜாதகக் கட்டம்போன்ற அமைப்புகளும்தான் இருக்கும். வெயில் வெளிப்படையாக இருக்காது. இருந்தாலும் அந்த ஓவியங்களின் மஞ்சளையும் பச்சையையும் நின்று பார்த்தால், தோப்பு எங்கேயும் போய்விடவில்லை என்று தோன்றும்.

1977 ஜனவரியில் பணிக்கர் மறைந்தார். 1979ல் திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் அவர் பெயரால் கலைக்கூடம் திறக்கப்பட்டது. அதே வளாகத்தில் 1880ல் சிஷோம் கட்டிய நேப்பியர் மியூசியம், சுவரெல்லாம் நிற வரிகளோடு நிற்கிறது. 1935ல் சித்திரைத் திருநாள் மகாராஜா திறந்து வைத்த ஸ்ரீசித்ரா கலைக்கூடம் இருக்கிறது. அதற்குக் கலை ஆலோசகராக இருந்தவர் ஜேம்ஸ் கசின்ஸ். 2023ல் ரவிவர்மா ஓவியங்களுக்கென்றே புதிய கூடமும் அங்கு எழுந்தது. மதுரையிலிருந்து தூரிகை இங்கு வந்தது. நூறாண்டுக்கு மேல் கழித்து, தமிழ் மண்ணில் வளர்ந்த ஒரு மலையாளியின் ஓவியங்கள் இங்கு வந்து சேர்ந்தன. போனதும் வந்ததுமாகக் கணக்கு நேராகியிருக்கிறது. இதில் யாருக்கு யார் கடன் என்று கேட்பதில் பொருளில்லை.

வெயில் தின்னும் ஓவியம்

இனிச் சொல்லப்போவது வரலாறு மட்டுமன்று, கவலையும்கூட. வெயிலைப் பிடிக்கும் நீர்வண்ணத்துக்கு வெயிலே எமன். எண்ணெய் ஓவியத்தில் நிறம் கெட்டியான படலத்துக்குள் இருக்கிறது. நீர்வண்ணத்திலோ மெல்லிய துகள்கள் தாளின் மேல் வெறுமனே கிடக்கின்றன. காவி, மஞ்சள் மண், செயற்கை நீலம் ஆகியவை வெளிச்சத்தைத் தாங்கும். அலிசரின் சிவப்பு, கார்மைன், மரப்பிசினில் எடுக்கும் காம்போஜ் மஞ்சள் போன்றவை தாங்கமாட்டா. நம்மூர் நண்பகல் வெயிலின் வெளிச்சம் ஏறத்தாழ ஒரு இலட்சம் லக்ஸ். நீர்வண்ண ஓவியத்தின் மேல் விழும் வெளிச்சம் 50 லக்ஸுக்கு மேல் போகக்கூடாது என்பது அருங்காட்சியகங்கள் பின்பற்றும் அளவு. கூடங்களில் விளக்கு மங்கலாக இருப்பதைப் பார்த்து 'கரெண்ட் மிச்சம் பிடிக்கிறாங்க' என்று நாம் கேலி செய்வதுண்டு. காரணம் இதுதான்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொன்னால் விளங்கும். என் தாய்மாமா ஒருவர் இந்த ஊரில் குமாஸ்தாவாக இருந்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் வண்ணப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சங்குமுகத்துக்கோ வேளிக்கோ கிளம்பிவிடுவார். 'மாமாவுக்குக் கடற்கரையில என்ன ஆபீஸ்?' என்று மாமி கேட்பதும், அவர் சிரித்துக்கொண்டே செருப்பை மாட்டுவதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் வரைந்த சங்குமுகத்து அந்தி ஓவியத்தைக் கண்ணாடி போட்டு நடுக்கூடத்தில் மாட்டினோம். மேற்குப் பார்த்த சன்னலுக்கு நேர் எதிரே. நல்ல வெளிச்சத்தில் எல்லாரும் பார்க்கட்டும் என்ற ஆசைதான். நாற்பது வருஷம் அது அங்கேயே இருந்தது. நாளாக ஆக, அதை மழைக்கால விடியற்காலை ஓவியம் என்றே பிள்ளைகள் நினைத்துக்கொண்டார்கள். சிவப்பும் மஞ்சளும் முழுக்கப் போய், வெறும் நீலமும் சாம்பலும்தான் மிஞ்சியிருந்தன.

கண்ணாடிக்குள் ஈரம் இறங்கியதால் சட்டத்தைக் கழற்ற நேர்ந்தது. ஓவியத்தைச் சுற்றி வைத்திருந்த அட்டையை எடுத்ததும் நாங்கள் எல்லாரும் பேச்சற்று நின்றோம். அட்டை மூடியிருந்த ஓரத்தில் ஒரு விரற்கடை அகலத்துக்கு, நாலு பக்கமும், மாமா வைத்த நிறம் அப்படியே இருந்தது. ஆரஞ்சுக்குப் பக்கத்தில் ஊதா, நடுவில் மயிரிழை வெள்ளை. சூராவின் பெயரை மாமா கேள்விப்பட்டிருப்பாரா என்பது எனக்குத் தெரியாது. நிழலுக்கு நிறமுண்டு என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தோம். பெயரில்லை, தேதியில்லை, ஒன்றுமேயில்லை.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், திருவனந்தபுரத்து நீர்வண்ண வரலாற்றில் தமிழருக்கும் தமிழ்நாட்டுக்கும் உள்ள பங்கு ஓரளவு தெளிவாகியிருக்கும். பெரியவர்களின் ஓவியங்களைக் காக்கக் கலைக்கூடங்கள் இருக்கின்றன. நம்மைப்போன்றவர் வீடுகளில் உள்ளவற்றைக் காக்க நாம்தான் இருக்கிறோம். ஆகவே சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தாவோ பெரியம்மாவோ வரைந்த நீர்வண்ண ஓவியம் இருந்தால், இன்றே அதைச் சன்னலுக்கு எதிர்ச்சுவரிலிருந்து எடுத்து வெயில் எட்டாத சுவரில் மாட்டுங்கள். கண்ணாடி ஓவியத்தின் மேல் ஒட்டாதபடி அட்டை வைத்துச் சட்டமிடுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருதரம் கழற்றிப் பூஞ்சணம் பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். எல்லாவற்றுக்கும் முதலாக, பின்பக்க அட்டையில் பென்சிலால் வரைந்தவர் பெயர், ஊர், வருஷம் ஆகியவற்றை எழுதி வையுங்கள். மை வேண்டாம்; மை ஊறும்.

ஆறுமுகம் பிள்ளைக்கு ஒரு வரி கிடைத்தது. என் மாமாவுக்கு ஒரு விரற்கடை வெயில் கிடைத்தது. அடுத்து வருகிறவர்களுக்கு இதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். மாமாவின் ஓவியத்தை இப்போது உள்ளறைச் சுவரில், அட்டை இல்லாமல், ஓரம் முழுவதும் தெரியும்படி மாட்டியிருக்கிறோம். பின்பக்கத்தில் அவர் பெயரைப் பென்சிலால் எழுதியாயிற்று.